கையில் இருப்பது விண்கல்லா? பினாங்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கில் தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வேலை நின்றாலும் கல் பார்ப்பது நிற்கவில்லை. வாரத்துக்கு ஒரு தடவையாவது யாராவது வாட்ஸ்அப்பில் கல்லின் படத்தை அனுப்புகிறார்கள். சிலர் துண்டில் சுற்றி வீட்டுக்கே கொண்டுவருகிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான் என்பதால் பதில்களையெல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

என்னிடம் இருக்கும் கல் விண்கல்லா, இல்லையா? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

பெரும்பாலும் இல்லை. இதுவரை என் மேசைக்கு வந்த கற்களில் ஒன்றுகூட விண்கல்லாக இருந்ததில்லை. உலகம் முழுக்க முறையாகப் பதிவான விண்கற்கள் 70,000-க்கு மேல். அவற்றில் பாதிக்கும் மேல் அண்டார்டிகாவின் பனியில் பொறுக்கியவை. அதற்காகப் பார்க்காமல் விட்டுவிட வேண்டாம். நம் கடலுக்கு அந்தப் பக்கம், சுமத்ராவில், 2020-ல் ஒரு வீட்டுக் கூரையைப் பொத்துக்கொண்டு உண்மையான விண்கல் விழுந்தது. அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

கல்லைப் பார்ப்பதற்கு முன் அது கிடைத்த இடத்தைப் பாருங்கள். நான் முதலில் கேட்பதும் அதைத்தான். நிறம், எடை, காந்தம் எல்லாம் அப்புறம்.

பினாங்குத் தீவு பெரும்பாலும் கருங்கல், அதாவது கிரானைட். தண்ணீர்மலைக் கோயிலுக்குப் படியேறும்போது இரு பக்கமும் பார்ப்பது அதுதான். வெள்ளையும் சாம்பலுமாய்ப் புள்ளி போட்ட அந்தக் கல்லில் கண்ணாடித் துண்டு போல் மின்னுவது குவார்ட்ஸ். உங்கள் கல்லில் குவார்ட்ஸ் மணிகள் தெளிவாகத் தெரிந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. விண்கற்களில் அப்படிக் கண்ணுக்குத் தெரியும் குவார்ட்ஸ் இருக்காது.

கருங்கல் மண்ணில் கன்னங்கரேல் என்று, கைக்குக் கனமாக, மினுமினுப்பாக ஒரு கல் கிடந்தால் யாருக்கும் ஆச்சரியம் வரும். எனக்கும் வரும். ஆனால் இந்த வட்டாரத்தில் அப்படிப்பட்ட கல் கிடப்பதற்கு நூற்றாண்டுக் கணக்கில் காரணம் இருக்கிறது. டத்தோ கிராமாட் சாலையில் ஈயம், அதாவது டின் என்னும் வெள்ளீயம், உருக்கினார்கள். பட்டர்வொர்த்தில் உருக்கினார்கள். பேராக் லம்பங்களிலிருந்து, அதாவது சுரங்கங்களிலிருந்து, வந்த ஈயத்தாது இங்கேதான் உருகியது. உருக்கி எடுத்தபின் மிஞ்சும் கசடு கறுப்பாக, கண்ணாடி போல், எதிர்பார்ப்பதைவிடக் கனமாக இருக்கும். கசடைப் பள்ளம் தூர்க்கவும் சாலைக்கு அடியில் போடவும் பயன்படுத்துவது உலகெங்கும் பழைய வழக்கம். அதனால் உருக்காலையிலிருந்து வெகு தூரத்தில், யாரோ ஒருவர் வீட்டின் வாழைக் குழியில்கூட அது வெளிப்படலாம். பழைய ரயில் பாதை ஓரம், துறைமுகப் பக்கம், பிறை தொழிற்பேட்டை, பட்டறை இருந்த இடம் என்று கேட்டாலே என் மனம் முதலில் கசடு பக்கம்தான் போகும்.

இதைவிடப் பழைய கசடும் நம் பக்கத்தில் உண்டு. சில வருஷங்களுக்கு முன் சுங்கைப்பட்டாணியிலிருந்து ஓர் அம்மா வந்தார். மஞ்சள் துண்டில் சுற்றிய கல் இரண்டு கிலோ இருக்கும். மேலே குங்குமப் பொட்டு. "சார், நாலு பேரு நாலு விதமா சொல்றாங்க. வானத்துல இருந்து விழுந்ததுன்னு எங்க வீட்டுக்காரர் நம்பினாரு. அவரு இல்ல இப்ப. நீங்க பாத்து உண்மையச் சொல்லுங்க" என்றார்.

கல் காந்தத்தில் இலேசாக ஒட்டியது. துருவின் நிறம். ஒரு பக்கம் வெல்லப்பாகை ஊற்றி ஆறவிட்டது போல் மடிப்பு மடிப்பாக வழிந்து இறுகியிருந்தது. லென்ஸை வைத்துப் பார்த்தேன். மடிப்புக்கு நடுவில் சின்னக் குழி, குழிக்குள் சுட்ட களிமண் துணுக்கு, அதை ஒட்டி அரிசி அளவுக்கு ஒரு கரித்துண்டு. மரக்கரி. நகத்தால் தொட்டால் கறுப்பு ஒட்டியது. மரக்கரி வானத்திலிருந்து வருவதில்லை. "எங்கே கிடைத்தது அம்மா?" என்றேன். தோட்டத்துக்குப் பின்னால், சுங்கை பத்து பக்கம் என்றார்.

அங்கேதான் விஷயம். சுங்கை பத்து என்பது பூஜாங் பள்ளத்தாக்கு, நம் கடாரம். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் அங்கே தோண்டி இரும்பு உருக்கிய உலைகளையும், உலைக்குக் காற்று ஊதிய சுடுமண் குழாய்களையும், குவியல் குவியலாக இரும்புக் கசடையும் வெளியே எடுத்திருக்கிறார்கள். அந்தத் தொழில் சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கு நடந்தது என்று கணக்கிடுகிறார்கள். ராஜேந்திர சோழன் கடாரத்தின் மேல் படை அனுப்பிய 1025-க்கும் பல நூற்றாண்டுகள் முந்திய சங்கதி. அம்மாவின் கல் அப்படி ஓர் உலையிலிருந்து வழிந்த கசடு. சரி, அவருக்கு என்ன சொன்னேன் என்பதைக் கடைசிக் கேள்வியில் எழுதுகிறேன்.

காந்தம் பலமாக ஒட்டுகிறது. அது போதாதா?

போதாது. விண்கற்களில் பெரும்பாலானவை காந்தத்துக்கு இழுபடும் என்பது உண்மை. அவற்றில் இரும்பு–நிக்கல் உலோகம் கலந்திருக்கிறது. ஆனால் மேக்னடைட் என்ற இரும்புத் தாதும் இழுபடும், இரும்புக் கசடும் இழுபடும், உடைந்த லோரி பாகமும் இழுபடும். திரெங்கானுவின் புக்கிட் பெசி போல இரும்புத் தாது வெட்டிய இடங்கள் நம் நாட்டில் உண்டு, அங்கிருந்து வரும் கற்களும் ஒட்டும். காந்தம் ஒட்டவே இல்லையென்றால் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. ஒட்டினால் அடுத்த சோதனைக்குப் போகலாம், அவ்வளவுதான்.

ஓர் எச்சரிக்கை. விழுந்ததைக் கண்ணால் பார்த்த கல்லாக இருந்தால் காந்தத்தைப் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள். கல் உருவான காலத்துக் காந்தப் பதிவு அதற்குள் இருக்கும். கடையில் விற்கும் நியோடிமியம் காந்தம் ஒரு தடவை பட்டாலே அது அழிந்துபோகும். ஆய்வாளர்களுக்கு அந்தப் பதிவு பொக்கிஷம். திசைகாட்டி ஊசி ஒன்றைக் கல்லுக்கு அருகில் வைத்து, ஊசி அசைகிறதா என்று பாருங்கள். அதுவே போதும்.

வீட்டிலேயே வேறு என்ன சோதனை செய்யலாம்?

இரண்டு சோதனைகளை நான் எல்லோருக்கும் சொல்வேன். காசு செலவில்லை.

முதலாவது, கோடு போடுவது. பழைய டைல்ஸ் ஒன்றைத் திருப்பிப் போடுங்கள். பளபளப்பில்லாத பின்பக்கத்தில் கல்லை அழுத்தி ஒரு கோடு இழுங்கள். கோடு காவி நிறமாக வந்தால் அது ஹேமடைட், இரும்புத்தாது. வெளியே வெள்ளி போல் மின்னினாலும் கோடு காவிதான். கோடு கறுப்பாகவோ அடர்சாம்பலாகவோ வந்தால் மேக்னடைட் என்று எண்ணலாம். விண்கல் பெரும்பாலும் கோடே விடாது, விட்டாலும் மங்கலாகத்தான் இருக்கும். துருப்பிடித்த பழைய விண்கல் மட்டும் பழுப்புக் கோடு விடலாம். இந்த ஒரு சோதனையிலேயே என்னிடம் வரும் கற்களில் நிறைய விலகிவிடும்.

இரண்டாவது, அடர்த்தி. சமையலறைத் தராசு வேண்டும், கிராம் காட்டும் டிஜிட்டல் தராசு. முதலில் கல்லைக் காய்ந்த நிலையில் நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீர் ஊற்றித் தராசின் மேல் வைத்து, எண்ணை பூஜ்யமாக்குங்கள். கல்லை மெல்லிய நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுதாக மூழ்கும்படி தொங்கவிடுங்கள். கல் அடியிலும் பக்கத்திலும் படக்கூடாது, நூலை நீங்களே கையில் பிடித்திருக்க வேண்டும். இப்போது தராசு காட்டும் கிராம்தான் கல்லின் கன அளவு, கன சென்டிமீட்டரில். காய்ந்த எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும்.

உதாரணமாக, காய்ந்த எடை 412 கிராம், தண்ணீரில் தராசு 156 காட்டினால் அடர்த்தி சுமார் 2.6. அது கருங்கல்லின் எண். அதே 412 கிராம் கல்லுக்குத் தராசு 118 காட்டினால் 3.5. சாதாரணக் கல் வகை விண்கற்கள் 3-க்கு மேல், 3.7 வரை வரும் என்பதால் அப்போது நானும் நிமிர்ந்து உட்காருவேன். 5 வந்தால் ஹேமடைட் அல்லது மேக்னடைட். 7-க்கு மேல் போனால் உலோகக் கட்டி. இரும்பு விண்கல்லும் அங்கேதான் வரும், உடைந்த இயந்திரத் துண்டும் அங்கேதான் வரும். கசடு 3-லிருந்து 4 வரை எங்கு வேண்டுமானாலும் நிற்கும் என்பதுதான் இதில் உள்ள சிக்கல். ஆகவே அடர்த்தியை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

இந்தச் சோதனையைப் பிள்ளைகளோடு சேர்ந்து செய்யுங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கே புரியும். நீரின் எடையும் கன அளவும் ஒன்றாக வரும் இடத்தைக் கையால் செய்து பார்க்கும்போது அவர்கள் முகம் மாறுவதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன்.

கல்லை உடைத்து உள்ளே பார்க்கலாமா?

சுத்தியலால் அடிக்காதீர்கள். மற்ற சோதனைகளில் தேறிய கல்லாக இருந்தால், ஒரு மூலையை மட்டும் உப்புத்தாளால் சுண்டுவிரல் நகம் அளவுக்குத் தேய்த்துப் பாருங்கள். சாம்பல் நிறக் கல்லுக்கு நடுவே வெள்ளிப் பொட்டுகள் போல் உலோகத் துணுக்குகள் தூவியிருந்தால் நல்ல அறிகுறி. அதோடு கடுகு அளவிலோ அதற்கும் சிறியதாகவோ உருண்டை மணிகள் தெரிந்தால் இன்னும் நல்லது. அந்த மணிகளுக்கு காண்ட்ரூல் என்று பெயர். சூரியக் குடும்பம் உருவான காலத்தில், சுமார் 456 கோடி ஆண்டுகளுக்கு முன், வெளியில் மிதந்த தூசு உருகித் துளித் துளியாக உறைந்தவை அவை. பூமியின் கற்களில் அப்படி இல்லை.

கசடிலும் இரும்புத் துளிகள் இருக்கும், ஏமாந்துவிட வேண்டாம். அவை பொதுவாகக் கண்ணாடிப் பொருளுக்குள் குமிழிகளோடு சேர்ந்திருக்கும்.

வெளியே கருகியது போல் இருக்கிறது. அது எரிந்த ஓடுதானே?

விண்கல்லின் ஓடு எப்படி இருக்கும் என்று பலருக்கும் தவறான படம் மனதில் இருக்கிறது. தணலில் சுட்ட கத்தரிக்காயை நினைத்துக்கொள்ளுங்கள். தோல் மட்டும் கறுப்பு, மெல்லியது. பிய்த்தால் உள்ளே வெளுப்பு. புதிதாக விழுந்த கல் வகை விண்கல்லும் அப்படியே. கறுப்பு ஓடு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன், பெரும்பாலும் பளபளப்பு இருக்காது, உள்ளே வெளிர் சாம்பல். மூலை உடைந்திருந்தால் அந்த இரண்டு நிறமும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். உள்ளேயும் வெளியேயும் ஒரே கறுப்பாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

மேல்பரப்பில் ஆழமில்லாத குழிவுகள் இருக்கலாம். பிடிகொழுக்கட்டையில் விரல் பதிந்த தடம் போல. காற்றைக் கிழித்துக்கொண்டு வரும்போது மேற்புறம் உருகி அரிக்கப்பட்ட தடம் அது. கூர்மையான விளிம்புகள் மழுங்கியிருக்கும்.

நம் ஊர் மழையில் அந்தக் கறுப்பு நெடுநாள் நிற்காது. பழுப்பாகும், அப்புறம் உதிரும்.

ஓட்டை ஓட்டையாக இருக்கிறதே?

அப்படியானால் அநேகமாக இல்லை. குமிழிப் பொந்துகள் கசடின் அடையாளம், அல்லது எரிமலைக் கல்லின் அடையாளம். விண்கற்களில் குமிழி மிக அரிது. செம்புரைக்கல்லும் இப்படி ஓட்டையாகத்தான் இருக்கும், அது நம் மண்ணிலேயே விளைவது.

கறுப்புக் கண்ணாடி போல், மேலே சின்னச் சின்னக் குழிகளோடு இருக்கிறது. தாய்லாந்தில் வாங்கினேன்.

இது டெக்டைட் ஆக இருக்கலாம். விண்கல் இல்லை, ஆனால் விண்கல்லால் பிறந்தது. சுமார் 790,000 ஆண்டுகளுக்கு முன் இந்தோசீனப் பக்கம் எங்கோ பெரிய கல் ஒன்று மோதியது. அந்த அடியில் பூமியின் மண்ணும் பாறையும் உருகித் துளிகளாகச் சிதறி, காற்றிலேயே கண்ணாடியாக உறைந்து, தென் சீனாவிலிருந்து ஆஸ்திரேலியா வரை விழுந்தன. நம் தீபகற்பத்தின் ஈய லம்பங்களிலும் அவை கிடைத்திருக்கின்றன. இந்தோனேசியாவின் பெலித்தோங் தீவு லம்பங்களில் கிடைத்தவற்றுக்கு பில்லிட்டோனைட் என்றே தனிப் பெயர். மோதிய குழி எங்கே என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள்.

மெல்லிய விளிம்பை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். டெக்டைட் என்றால் தேன் பழுப்பாக ஒளி ஊடுருவும். காந்தம் இழுக்காது. பீர் பாட்டில் கண்ணாடியை உருக்கி விற்கும் போலிகளும் சந்தையில் உண்டு என்பதால் அதிக விலை கொடுக்க வேண்டாம்.

எங்கள் தாத்தா "இடிக்கல்" என்று ஒன்று வைத்திருந்தார்.

வழவழப்பாக, கோடரி அலகு போல் ஒரு முனை கூர்மையாக இருக்கிறதா? மலாய்க்காரர்கள் பத்து லிந்தார் என்பது இதுதான். இடி விழுந்த இடத்தில் கிடைக்கும் என்று நம்பிக்கை. உண்மையில் அது கற்கால மனிதர் செய்து, தேய்த்து மெருகேற்றிய கைக்கோடரி. விண்கல்லைவிட எனக்கு அதன் மேல் ஆசை அதிகம். அதை எந்தக் காரணத்துக்காகவும் தேய்க்கவோ அறுக்கவோ செய்யாதீர்கள், அருங்காட்சியகத்தில் காட்டுங்கள்.

ராத்திரி ஒரு நெருப்புப் பந்து பினாங்கு மலைக்குப் பின்னால் விழுந்தது. தேடிப் போகலாமா?

மலைக்குப் பின்னால் விழுந்தது போல் தெரிந்திருக்கும். அவை காற்று மண்டலத்துக்குள் நுழையும் வேகம் நொடிக்கு 11 கிலோமீட்டருக்குக் குறையாது, 72 வரைகூடப் போகும். ஆனால் காற்று பிடித்து நிறுத்த, தரைக்கு மேல் 15, 20 கிலோமீட்டர் உயரத்திலேயே வெளிச்சம் அணைந்துவிடும். அதற்குப் பிறகு கல் மிஞ்சினால் இருட்டில் சத்தமில்லாமல் விழும். நீங்கள் வெளிச்சத்தைப் பார்த்தது ஜெலுத்தோங்கிலிருந்து என்றால் கல் நூறு கிலோமீட்டருக்கு அப்பாலும் விழுந்திருக்கலாம், கடலிலும் விழுந்திருக்கலாம்.

தேடுவதற்குப் பதிலாக எழுதி வையுங்கள்: நேரம், எந்தத் திசையில் தொடங்கி எந்தத் திசையில் மறைந்தது, எத்தனை நொடி, நிறம், பிறகு இடி போல் சத்தம் கேட்டதா, எவ்வளவு நேரம் கழித்து. கார் கேமராவிலோ வீட்டு சிசிடிவியிலோ பதிந்திருந்தால் அழிந்துபோவதற்குள் எடுத்துவிடுங்கள். சர்வதேச விண்கொள்ளி அமைப்பின் இணையத்தளத்தில் பொதுமக்கள் நிரப்பும் படிவம் இருக்கிறது. வெவ்வேறு ஊர்களிலிருந்து பலர் நிரப்பினால்தான் பாதையைக் கணக்கிட முடியும்.

விழுந்த கல் சுடுமா?

சுடாது. பல வருஷங்கள் விண்வெளியின் குளிரில் கிடந்த கல் அது. நெருப்பு அதன் தோலை மட்டும் சில நொடிகள் தொடுகிறது, உருகியதும் அடித்துப் போய்விடுகிறது. புல் எரிந்தது, நிலம் புகைந்தது என்று சொன்னால் நான் வேறு காரணம் தேடுவேன்.

கண்ணெதிரே கூரையில் விழுந்துவிட்டது என்றால் என்ன செய்வது?

இங்கேதான் சுமத்ரா கதை. 2020 ஆகஸ்ட் 1-ஆம் தேதி, வட சுமத்ராவின் கோலாங் என்ற ஊரில் சவப்பெட்டி செய்யும் ஒருவரின் வீட்டுக் கூரையைத் துளைத்து, இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் எடையுள்ள கல் மண்ணில் புதைந்தது. பினாங்கிலிருந்து மலாக்கா நீரிணையைத் தாண்டினால் அந்தப் பக்கம். கார்பன் மிகுந்த அரிய வகை விண்கல் என்று பிறகு உறுதியானது, ஊரின் பெயரே கல்லுக்கும் வைக்கப்பட்டது. அந்த வகைக் கல்லில் நீர் கலந்த கனிமங்களும் கரிமச் சேர்மங்களும் இருக்கும். ஈரமும் கைப்பிசுக்கும் பட்டாலே கெட்டுவிடும்.

ஆகவே முதல் மணி நேரம் முக்கியம். வெறுங்கையால் தொடாதீர்கள். கிடந்த நிலையிலேயே பக்கத்தில் 20 சென் காசு வைத்துப் படம் எடுங்கள். கைப்பேசியில் இடத்தைக் குறித்து வையுங்கள். சுத்தமான அலுமினியத் தாளில் சுற்றி, ஜிப் பையில் போட்டு, புதிய காலணிப் பெட்டியில் வருமே அந்த ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம், அதையும் கூடவே போட்டு மூடுங்கள். கழுவக் கூடாது. மழை வருகிறது என்றால் எல்லாவற்றுக்கும் முன் கல்லைக் காப்பாற்றுங்கள்.

இன்னொன்றையும் மனதார வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். வானத்திலிருந்து வந்ததை வணங்கத் தோன்றுவது நம் இயல்பு, அதில் தவறு இல்லை. ஆனால் நல்லெண்ணெய், பால், மஞ்சள் எதையும் அதன் மேல் விடாதீர்கள். விளக்கைப் பக்கத்தில் ஏற்றி வைத்துக் கும்பிடுங்கள், அது போதும்.

கோடீஸ்வரன் ஆகலாமா?

கோலாங் கல்லை விற்றவருக்கு 18 லட்சம் அமெரிக்க டாலர் கிடைத்ததாக உலகப் பத்திரிகைகள் எழுதின. அது தவறு. அவருக்கு உண்மையில் கிடைத்தது அதில் மிகச் சிறிய பங்கு. நிலவிலிருந்தும் செவ்வாயிலிருந்தும் வந்த கற்களுக்கு நல்ல விலை உண்டு. சாதாரண வகைக்கு மக்கள் நினைக்கும் அளவு விலை இல்லை. ஆய்வுக்கூடச் சான்று இல்லாத கல்லை விவரம் தெரிந்த யாரும் வாங்க மாட்டார்கள்.

தமிழ்நாட்டில் அரிசியை இழுக்கும் அதிசயப் பொருள் என்று சொல்லும் "ரைஸ் புல்லிங்" செம்பு, இரிடியம் கலசம் என்று எத்தனை குடும்பங்கள் பணத்தை இழந்தன என்பது செய்தி படிப்பவர்களுக்குத் தெரியும். அதே பேச்சு இப்போது விண்கல் பெயரில் வருகிறது. "சோதனைக் கட்டணம் முன்பணமாகக் கொடுங்கள், வெளிநாட்டு வாங்குபவர் தயாராக இருக்கிறார்" என்று யாராவது சொன்னால் உடனே விலகிவிடுங்கள்.

கதிர்வீச்சு ஆபத்து உண்டா?

விண்கல்லால் இல்லை. ஆனால் நம் ஊரில் வேறொன்றைக் கவனிக்க வேண்டும். ஈயத் தாதைப் பிரித்தபின் மிஞ்சும் கனமான கரு மணலுக்கு அமாங் என்று பெயர். அதில் உள்ள மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. பழைய லம்பத்திலிருந்து கொண்டுவந்த அமாங் மூட்டையைப் படுக்கையறையில் வைத்திருக்க வேண்டாம்.

பக்கத்தில் இடி போல் சத்தம், பள்ளம், உடைந்த கண்ணாடி. விண்கல்தானே?

அவசரப்பட வேண்டாம். 2016 பிப்ரவரியில் தமிழ்நாட்டின் நாட்றம்பள்ளி அருகே ஒரு கல்லூரி வளாகத்தில் வெடிப்பு நடந்து ஒருவர் இறந்தார். விண்கல் விழுந்து மனிதர் இறந்தார் என்று உலகமே பேசியது. படங்களைப் பார்த்த நாசா அறிவியலாளர்கள், அது தரையில் நடந்த வெடிப்பு போலத்தான் இருக்கிறது என்றார்கள். சிறிய விண்கல் தரைக்கு வரும்போது அதன் வேகம் மணிக்குச் சில நூறு கிலோமீட்டர்தான். கூரையைத் துளைக்கும், மண்ணில் புதையும். வெடிக்காது.

மலேசியாவில் ஏன் விண்கல் கிடைப்பதே இல்லை?

விழுவது எங்கும் ஒரே மாதிரிதான் விழுகிறது. கண்ணில் படுவதுதான் வேறு. வெள்ளைப் பனியிலும் வெறும் பாலைவனத்திலும் கறுப்புக் கல் தனித்துத் தெரியும், ஈரமில்லாததால் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கெடாமலும் இருக்கும். இங்கே காடு, செம்பனைத் தோட்டம், வருஷம் முழுக்க மழை. உலோகம் கலந்த கல் துருப்பிடித்து மண்ணோடு மண்ணாகிவிடும்.

நம் முன்னோர் மண்ணிலும் விண்கல் உண்டு. 1857-ல் மதுரை வட்டாரத்தில் விழுந்த கல் பர்னல்லி என்ற பெயரில் அறிவியல் உலகில் புகழ்பெற்றது. 1898-ல் கண்டெடுத்த இரும்பு விண்கல் ஒன்றுக்குக் கொடைக்கானல் என்றே பெயர். கல்லுக்கு அது கிடைத்த ஊரின் பெயரைத்தான் வைப்பார்கள், கண்டெடுத்தவரின் பெயரை அல்ல. பாலிக் பூலாவ் என்றோ நிபோங் திபால் என்றோ ஒரு கல் அந்தப் பட்டியலில் ஏற வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

மோதலின் தடத்தைப் பார்க்க ஆசைப்பட்டால் பேராக்கின் லெங்கோங்குக்குப் போங்கள். புக்கிட் புனோவில் விண்கல் மோதி உருகிய சூவைட் பாறைக்குள் கற்கருவிகள் சிக்கியிருந்தன. அந்தப் பாறையின் வயது 18 லட்சத்து 30 ஆயிரம் ஆண்டுகள் என்று கணித்திருக்கிறார்கள். அந்தப் பள்ளத்தாக்கு 2012-லிருந்து யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தலம்.

எல்லாச் சோதனையிலும் தேறிவிட்டது. யாரிடம் காட்டுவது?

கோலாலம்பூர் என்றால் மலாயாப் பல்கலைக்கழகத்தின் புவியியல் துறை. பினாங்கு என்றால் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம். கனிம, புவி அறிவியல் துறையான ஜேஎம்ஜியிடமும் கேட்கலாம். ஈப்போவில் அவர்களின் புவியியல் அருங்காட்சியகத்தை ஒருமுறை சுற்றி வந்தாலே பாதிச் சந்தேகம் தீரும்.

உலோகக் கட்டியாக இருந்தால் பழைய இரும்பு வாங்கும் பெரிய கடைகளிலும் சில நகைக்கடைகளிலும் எக்ஸ்ஆர்எஃப் கருவி இருக்கும். கல்லின் மேல் வைத்தால் சில நொடியில் என்னென்ன உலோகம் என்று காட்டும். நிக்கல் 5 விழுக்காட்டுக்கு மேல், குரோமியம் கிட்டத்தட்ட இல்லை என்று வந்தால் உடனே பல்கலைக்கழகத்துக்கு எழுதுங்கள். நிக்கல் 8, குரோமியம் 18 என்று வந்தால் அது எவர்சில்வர்.

படம் அனுப்பும்போது வெயில் நேரடியாகப் படாத பகல் வெளிச்சத்தில் எடுங்கள். ஆறு பக்கமும் வேண்டும், பக்கத்தில் அளவுகோல் வேண்டும், உடைந்த முகம் இருந்தால் அதன் கிட்டப் படம் வேண்டும். எடை, அடர்த்தி, கோட்டின் நிறம், கிடைத்த இடம் நான்கையும் எழுதுங்கள். விண்கல் என்று உறுதியானால், பெயர் பதிவதற்கு 20 கிராம் அல்லது மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்கு, இதில் எது குறைவோ அதை ஓர் ஆய்வு நிறுவனத்தில் நிரந்தரமாகக் கொடுத்துவைக்க வேண்டும். மீதி எடுத்தவரிடம் இருக்கும் என்பதால் பயப்பட வேண்டியதில்லை.

விண்கல் இல்லை என்று தெரிந்துவிட்டது. தூக்கிப் போட்டுவிடலாமா?

சுங்கைப்பட்டாணி அம்மாவும் இதைத்தான் கேட்டார், குரல் இறங்கிப்போய். மரக்கரித் துணுக்கை லென்ஸில் அவருக்குக் காட்டினேன். யாரோ ஒருவர் மரம் வெட்டி, கரி சுட்டு, குனோங் ஜெராய்ப் பக்கத்துத் தாதைச் சுமந்து வந்து, களிமண் குழாயில் துருத்தி வைத்து ஊதி உருக்கியபோது வழிந்தது இது என்றேன். அந்த ஆளின் நெருப்பு இன்னும் இந்தக் குழிக்குள் இருக்கிறது என்றேன். நெடுநேரம் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அப்புறம் நடைமுறைக்கு வந்தோம். 2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டப்படி, இப்படிப்பட்ட பழம்பொருளைக் கண்டெடுத்தால் மரபுடைமைத் துறைக்கோ மாவட்ட அதிகாரிக்கோ தெரிவிக்க வேண்டும். கல் எந்தச் செம்பனை வரிசைக்குப் பக்கத்தில் கிடந்தது, எத்தனை அடி ஆழம், எந்த வருஷம் என்று அவர் சொல்லச் சொல்ல ஒரு தாளில் எழுதினேன். கணவர் பெயரையும் எழுதச் சொன்னார், எழுதினேன். குங்குமத்தைத் துடைக்க வேண்டுமா என்று கேட்டார். துடைக்க வேண்டாம், காய்ந்த தூரிகையால் மெதுவாகத் தட்டினால் போதும் என்றேன். மெர்போக்கில் உள்ள தொல்பொருள் அருங்காட்சியகத்துக்குத் தாளையும் கல்லையும் அதே மஞ்சள் துண்டில் சுற்றி எடுத்துப்போனார்.